மூன்று மணிக்கு வரும் பேராசிரியர்கள்

மேற்கு மலையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழும் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு காலத்தில் ஒரு வாசல் இருந்தது. கல்லில் கட்டிய வாசல் அல்ல, கணினிக்குள் இருந்த வாசல். பாடங்களை உள்ளே வைக்கலாம், மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம், சந்தேகம் கேட்கலாம், ஆசிரியர் பதில் எழுதலாம் என்றெல்லாம் சொல்லி விற்றிருந்தார்கள். பல்கலைக்கழகம் அதற்குக் 'கல்விவாசல்' என்று பெயர் வைத்தது. பெயர் வைப்பதில் அந்தப் பல்கலைக்கழகத்தை யாரும் மிஞ்ச முடியாது.

திறப்பு விழா அமர்க்களப்பட்டது. துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றினார், பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார், திரையில் பூமாரி பொழிந்தது. கல்விவாசலுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே கூட்டம் அலைமோதுமே, யாரை முதலில் உள்ளே விடுவது என்ற கவலையோடு கணினி அறையில் குடியேறியது.

மறுநாள் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

அந்த அறையில் அதற்குப் பேச்சுத்துணை ஒரு பழைய கீபோர்டுதான். பாதி எழுத்து அழிந்துபோன, வாய் கொஞ்சம் நீளமான கீபோர்டு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லையா என்று கல்விவாசல் அதனிடம் கேட்டது.

கொடுத்தார்களே என்றது கீபோர்டு. அரை நாள் பயிற்சி. அன்றைக்குப் பார்த்து இணையம் வரவில்லை. அதனால் கல்விவாசல் எப்படி இருக்கும் என்பதைப் படமாகக் காட்டினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நீச்சலைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தது போலத்தான். வாங்க வேண்டியதையெல்லாம் பல்கலைக்கழகம் வாங்கியிருந்தது. ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'இதை அழுத்துங்க சார்' என்று சொல்ல ஓர் ஆளை மட்டும் வாங்கவில்லை. டெண்டரில் அப்படி ஓர் இனம் இல்லையாம்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ," என்றது கீபோர்டு. "வருசக் கடைசியில ஆய்வுக்குழு வருது. சாருமாரு உன்னிய பயன்படுத்தினா நீ இருப்ப. இல்லன்னா உன்னிய அழிச்சிட்டு வேற ஒண்ணுக்குப் பேரு வைப்பாங்க."

கல்விவாசல் அன்றிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் இசக்கிப்பிரியா வந்தாள்.

அவள் மலையடிவார ஊர்க்காரி. அவள் ஊருக்கு இருக்கிற ஒரே பேருந்து எப்போதும் தாமதம். முதல் மணி வகுப்பு முடிகிற நேரத்தில்தான் அவளும் அவள் ஊர்ப் பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். முதல் மணி புள்ளியியல். நடத்துபவர் பேராசிரியர் ஆவுடையப்பன். நன்றாக நடத்துவார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் பேருந்தில் வரும்போதே செல்போனில் கல்விவாசலைத் திறந்து ஒரு கேள்வி எழுதினாள்.

"சார், ஐந்து பேருடைய மதிப்பெண்களைக் கூட்டி வகுத்தால் சராசரி நாற்பத்திரண்டு வருகிறது. ஆனால் ஐந்து பேரில் யாருமே நாற்பத்திரண்டு வாங்கவில்லை. அப்படியானால் அந்த நாற்பத்திரண்டு யாருடையது?"

கல்விவாசல் பூரித்துப் போனது. தன்னைத் தேடி வந்த முதல் கேள்வி. அதைத் துடைத்து எடுத்து முகப்பில் வைத்தது. 'உங்கள் ஐயம் ஆசிரியருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, ஆவுடையப்பனின் மின்னஞ்சலுக்கும் தகவல் அனுப்பியது. பல்கலைக்கழகம் அவருக்காக உண்டாக்கிய மின்னஞ்சல் அது. அப்படி ஒன்று தனக்கு இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

பதில் வரவில்லை. ஆய்வுக்குழு வரும் செய்திதான் வந்தது.

கல்விவாசலுக்குப் பொறுப்பாளர் இணைப்பதிவாளர் தாணுமாலயன். அவர் கணினி அறைக்கு வந்து, அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் சுடலைமணியைக் கூப்பிட்டார். எல்லா ஆசிரியர்களும் தினமும் உள்ளே வந்து போனதாகப் பதிவில் இருக்க வேண்டும், எப்படி என்பது தனக்குத் தேவையில்லை என்றார்.

சாருமார்களிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா என்று சுடலைமணி இழுத்தான்.

"சொன்னா வந்திருவாங்களாக்கும். இருக்கிற வேலைய ஒழுங்காப் பாருப்பா. ஒப்பந்தத்தப் புதுப்பிக்கிற நேரம் வேற."

சுடலைமணிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்கே எல்லா ஆசிரியர்களின் கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லோருக்கும் ஒன்றே என்று ஆக்கினான்.

மறுநாள் மூன்று மணிக்குப் பேராசிரியர்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, அகரவரிசை பிசகாமல் வந்தார்கள். அடித்துப்பிடித்துக்கொண்டு யாரும் நுழையவில்லை. ஒருவர் போன பிறகுதான் அடுத்தவர் வந்தார். கல்விவாசலுக்கு வாயெல்லாம் பல். படித்தவர்கள் என்றால் இதுவல்லவா ஒழுக்கம் என்று கீபோர்டிடம் பெருமையடித்தது.

"எல்லாம் ஒரே விரலுடே," என்றது கீபோர்டு. "அத்தனை பேரும் டீ குடிச்ச கையோட வந்திருக்காங்க."

கல்விவாசல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழசுக்குப் புதுசைக் கண்டால் பொறாமை என்று நினைத்துக்கொண்டது. தன்னை நாடி வருகிறவர்களைச் சந்தேகப்பட அதற்கு மனம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

ஆவுடையப்பனும் தினமும் வந்தார். வரும்போதெல்லாம் அது இசக்கிப்பிரியாவின் கேள்வியை அவர் கண்முன் நீட்டும். அவர் ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடுவார். பெரியவர், யோசித்து எழுதுவார் என்று அது சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

அந்தப் பக்கம் இசக்கிப்பிரியாவும் தினமும் பேருந்தில் திறந்து பார்த்தாள். பதில் இல்லை. கல்விவாசல் பொய் சொல்லத் தெரியாத வாசல் என்பதால், கேள்விக்குக் கீழே 'ஆசிரியர் கடைசியாக வந்தது: நேற்று, மூன்று மணி' என்று காட்டியது. தினமும் அதுவே காட்டியது. அவள் அதை இப்படித்தான் புரிந்துகொண்டாள்: சார் வருகிறார், பார்க்கிறார், தன் கேள்வி பதில் சொல்லும் தகுதியில்லாதது என்று போய்விடுகிறார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், வகுப்பு முடிந்து வெளியே வந்த ஆவுடையப்பனை மறித்தாள். அவர் சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் பொடி.

"சார், தினமும் வந்து பாக்கீங்க. எனக்கு மட்டும் பதில் எழுத மாட்டேங்கீங்களே சார். அவ்வளவு மோசமான கேள்வியா?"

அவர் திகைத்து நின்றார். எங்கே பார்த்தேன், என்ன கேள்வி என்று கேட்டார். அவள் செல்போனை நீட்டினாள். தான் தினமும் மூன்று மணிக்கு எங்கேயோ போய் வருவதை அவர் அங்கேதான் தெரிந்துகொண்டார். முகம் சுண்டிப்போனது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பயிற்சியன்று கொடுத்த துண்டுச்சீட்டை எடுத்தார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். "வாம்மா, இப்பவே எழுதிருவோம்," என்று அவளையும் கூட்டிக்கொண்டு கணினி அறைக்கு நடந்தார்.

அறை திறந்திருந்தது, சுடலைமணி இல்லை. ஆய்வுக்குழுவின் சாப்பாட்டு ஏற்பாட்டுக்குப் போயிருந்தான். ஆவுடையப்பன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார். கீபோர்டுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏய், புது விரலு. இவருதான்டே அவரு. கதவத் திற."

கல்விவாசல் பார்த்தது. ஆவுடையப்பனை அதற்கு நன்றாகத் தெரியும். அவர் மூன்று மணிக்கு வருவார், மின்னல் வேகத்தில் அடிப்பார், கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடுவார். இந்த ஆளோ காலையில் வந்து, எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடவுச்சொல்லும் தப்பு. இரண்டாவது தடவையும் தப்பு. அவர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மூன்றாவது முறை அடித்தார்.

"சொல்லுதேன்லா, திறடே," என்று கீபோர்டு கெஞ்சியது.

"விதி என்று ஒன்று இருக்கிறது," என்றது கல்விவாசல். கதவை அறைந்து சாத்தியது. திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. ஆவுடையப்பன் அவற்றை வாய்விட்டுப் படித்தார்.

"சந்தேகத்துக்குரிய நுழைவு. பாதுகாப்புக்காக இந்தக் கணக்கு மூடப்படுகிறது. உண்மையான பேராசிரியர் ஆவுடையப்பன் கீழ்க்கண்ட எண்ணைத் தொடர்புகொள்ளவும்."

அவர் இசக்கிப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் யாரும்மா?" என்றார்.

கீழ்க்கண்ட எண்ணை அழைத்துப் பார்த்தார். அது கல்விவாசலை நிறுவிக் கொடுத்தவருடைய எண். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், எண் உபயோகத்தில் இல்லை. ஆவுடையப்பன் செல்போனைப் பையில் போட்டுவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அந்த நாப்பத்திரண்ட யாருமே வாங்கலம்மா. அந்த மார்க்குல ஆளே இல்லாட்டாலும் சராசரி வந்திரும், அதான் அதோட குணம். அதனால எங்க சராசரியப் பாத்தாலும், அதுக்குப் பின்னால ஆளு இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாத்துக்கிடணும்."

இசக்கிப்பிரியாவுக்குச் சட்டென்று புரிந்தது. முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"இத அன்னைக்கே இதுல எழுதியிருந்தீங்கன்னா, எங்க பஸ்ல வார பிள்ளைங்க எல்லாருமே படிச்சிருப்போம் சார். பரவாயில்ல. இனிமே நேர்லயே கேட்டுக்கிடுதேன்." அங்கேயே நின்று தன் செல்போனிலிருந்து கல்விவாசலை நீக்கினாள்.

கல்விவாசலுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவமானமாக இருந்தது. அவளைத் தடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மனிதர்களிடம், அதற்கென்று எழுதிக் கொடுத்த வாக்கியங்களைத் தவிர வேறு பேச்சு அதற்கு வராது. 'மீண்டும் வருக' என்றது. கீபோர்டு அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

மத்தியானம் சுடலைமணி வந்து, பூட்டிக்கிடந்த கணக்கை அரை நிமிடத்தில் திறந்தான். பதில் இல்லாத கேள்வி ஒன்று முகப்பில் கிடப்பதைப் பார்த்து, அதன் கீழே 'நன்றி. தங்கள் ஐயம் தீர்க்கப்பட்டது' என்று அடித்து மூடினான்.

ஆய்வுக்குழு வந்தது. ஒரு பேராசிரியர் சராசரியாக மாதத்துக்கு இருபது முறை கல்விவாசலுக்கு வருகிறார் என்று கண்டு அசந்துபோனது. மூத்த ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, தாணுமாலயன் ஆவுடையப்பனின் பதிவைக் காட்டினார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. குழுவினர் நெகிழ்ந்துபோய், சிறந்த பயனாளர் விருதை அவருக்கே அறிவித்தார்கள். விழா நேரத்தில் அவர் வகுப்பை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அவர் சார்பில் மேடையேறிச் சுடலைமணி பொன்னாடையை வாங்கிக்கொண்டான். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு விருது சரியான ஆளுக்குப் போனது அன்றைக்குத்தான்.

மறுநாள் மூன்று மணி ஆயிற்று. அகரவரிசையில் ஆவுடையப்பனின் முறை வந்தது. விரல்கள் மின்னலாக ஓடின.

"வந்திருக்கது யாருன்னு இப்பத் தெரியும்லா?" என்றது கீபோர்டு.

தெரியும் என்றது கல்விவாசல்.

"பெறவென்ன, மூடு."

கடவுச்சொல் சரியாக இருந்தது. கல்விவாசல் கதவை அகலத் திறந்து, "வணக்கம், பேராசிரியர் ஆவுடையப்பன் அவர்களே. தங்களை நாங்கள் நன்கு அறிவோம்," என்றது.