தலைவரை ஏற்றிக்கொண்டு பின்னால் போன வண்டி

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்குப் பனிக்கொம்பு மலை கோல்ஃப் கிளப்பின் வண்டி ஷெட்டில் மூன்று பேருமே லீவு. அதற்காக அவர்களை வேலைக்கு ஆகாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஷெட்டுக்குப் பொறுப்பு மாசிலாமணி. அவருக்குக் கீழே இருதயம், காத்தவராயன். மூவருக்கும் சேர்த்து ஒரே வண்டி, பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த கோல்ஃப் வண்டி. கிளப் தலைவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் மேட்டில் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் குழிக்குப் பக்கத்தில் பரிசளிப்பு விழா. அந்த வாரம் பார்த்து வண்டி நாலு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

செகரெட்டரி ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தலைவர் இந்த வண்டியில ஒன்பதாம் குழிக்கு வந்து சேரணும். இல்லைன்னா திங்கக்கிழமை வண்டி காயலான் கடைக்கு, நீங்க மூணு பேரும் வீட்டுக்கு." வாசல்வரை போனவர் திரும்பினார். "இன்னொண்ணு. தலைவர் உட்கார்ந்திருக்கும்போது ரிவர்ஸ் லிவரை எவனும் தொடக்கூடாது. போன தடவை குளத்துல இறக்குனது போதும்."

மாசிலாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டில் தன்னை எஞ்சின் நிபுணர் என்று வேறு சொல்லி வைத்திருந்தார். அடிவாரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் உசேன் பாய்க்குப் போன் போட்டு அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா பயப்படறீங்க?" என்றார் பாய். "பிளக்கைக் கழட்டிக் கரியைத் துடைங்க. கழட்டின வரிசை மாறாம திரும்ப மாட்டுங்க. பெட்ரோல்ல டூ டி ஆயிலைக் கலந்து, நல்லாக் குலுக்கி ஊத்துங்க. ஓடும்."

முதலில் சீட்டைக் கழற்றினார்கள். அடுத்து மூடி. பிறகு ஸ்டார்ட்டருக்குப் போகிற ரெண்டு ஒயர். கடைசியாக பிளக். கரியைத் துடைத்ததும் பளபளவென்று வந்தது. இருதயம் அதை எஞ்சினில் வைக்கப் போனான்.

"நில்லு," என்றார் மாசிலாமணி. "முதல்ல எதைக் கழட்டினோம்?"

"சீட்டைங்ணா."

"வரிசை மாறக்கூடாதுன்னு பாய் சொன்னாரா இல்லையா?"

இருதயம் வெட்கப்பட்டுப் பிளக்கைக் கீழே வைத்தான். முதலில் சீட்டை முறுக்கினார்கள். அதற்கடியில் மூடியைச் செருகி முறுக்கினார்கள். அப்புறம் காத்தவராயன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கை போகிற சந்தில் கையை விட்டு, இருட்டில் தடவித் தடவி ஒயரை மாட்டினான். ரெண்டு ஒயரும் இடம் மாறிப்போயின. பிளக்கை மாட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"கம்பெனியில எப்படிங்ணா தினமும் இத்தனை வண்டி செய்யறாங்க?" என்றான் காத்தவராயன், உரிந்துபோன முழங்கைத் தோலைத் தேடியபடி.

"அவங்களுக்கெல்லாம் கை சின்னதா இருக்கும்," என்றார் மாசிலாமணி.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் சால்வையோடு வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பெட்ரோலை ஊற்றினார்கள், ஆயிலையும் ஊற்றினார்கள். அப்புறம்தான் மாசிலாமணிக்கு ஞாபகம் வந்தது.

"குலுக்கி ஊத்தச் சொன்னாரே பாய்."

"ஊத்தியாச்சுங்களே," என்றான் இருதயம்.

"ஊத்தினது ஊத்தினதுதான். குலுக்கறது இன்னும் நம்ம கையிலதான இருக்கு?"

மூவரும் ஆளுக்கொரு பக்கம் வண்டியைப் பிடித்துக் குலுக்கினார்கள். தலைவரின் சால்வை ஒரு பக்கமும் பல்செட் ஒரு பக்கமும் போயின. பல்லைத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகு அவர், "எப்பவும் ஓட ஆரம்பிச்ச பிறகுதான இப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். நல்ல மனிதர்.

லிவர் ஏற்கெனவே முன்னால் போகிற இடத்தில்தான் இருந்தது; மாசிலாமணி ஏறி உட்கார்ந்து சாவியை மட்டும் திருப்பினார். எஞ்சின் ஜோராகப் பிடித்துக்கொண்டது. வண்டி மட்டும் பின்னால் போனது. இந்த ரக எஞ்சினுக்கு அப்படி ஒரு குணம். ஒயர் மாறிய ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் சுழற்றிவிடுகிறதோ அந்தப் பக்கமே ஓடும், மறுபேச்சுப் பேசாது.

வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார்கள்.

"ரிவர்ஸ்ல போட்டா ஒருவேளை முன்னால போகுமோ?" என்றான் காத்தவராயன்.



"செகரெட்டரி என்ன சொன்னார்?" என்றார் மாசிலாமணி.

"தலைவர் இருக்கும்போது லிவரைத் தொடக்கூடாதுன்னார்."

"அப்புறம் என்ன பேச்சு?"

தலைவரை இறக்கி, அவர் சீட்டை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபடி ஏற்றினார்கள். இப்போது அவருக்குப் போகிற வழி நன்றாகத் தெரிந்தது. கிளம்பப் போகும்போது இருதயத்தின் முகம் வாடியது.

"மணியண்ணா, வண்டி முன்னால போனா பெட்ரோல் குறையுது. பின்னால போனா?"

"கூடணும்," என்றார் தலைவர். நாலு கிளப்புக்குத் தலைவராக இருந்தவர் அவர்.

"டேங்க் இப்பவே நிறைய இருக்குங்களே. மேட்டுல வழிஞ்சா?"

மாசிலாமணி பதறி டேங்கைத் திறந்து பார்த்தார். தலைவர் மடியில் பெட்ரோல் வழிந்தால் வேலை போவது இருக்கட்டும், ஜெயிலுக்குப் போக வேண்டும். ஊறுவதற்கு இடம் வேண்டுமென்று ஒரு டம்ளர் பெட்ரோலை மட்டும் டேங்கில் விட்டுவிட்டு மீதியை உறிஞ்சிக் கேனில் பிடித்து ஷெட்டிலேயே வைத்தார்கள். மாசிலாமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக் கழுத்தைத் திருகிக்கொள்ள, வண்டி பின்னாலேயே பாதி மேடு ஏறி, இருமி, நின்றது.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே காய்ந்து கிடந்தது.

"ஊற ஆரம்பிக்கறதுக்குள்ள நின்னுடுச்சு," என்றார் மாசிலாமணி. கல்யாணப் பந்தல் கண்ணெதிரே சரிந்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னால போகணும், அவ்வளவுதான?" என்றார் தலைவர். "தள்ளுங்க."

தள்ளினார்கள். வேர்த்து ஊற்ற, மூச்சு இரைக்க, ஒன்பதாம் குழிவரை வண்டியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் எழுந்து கைதட்டியது. செகரெட்டரி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வந்து சேர்ந்துட்டீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்துங்க."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கையை எடுக்காமல் தலைவரைப் பார்த்தார். தலைவர் டேங்குக்குள் விரலை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசனை வர ஆரம்பிச்சிருக்கு," என்றார் தலைவர். "இப்ப நிறுத்தினா ஊறினது திரும்ப உள்ளே போயிடும். தள்ளுங்கய்யா."

வண்டி மேடையைத் தாண்டிப் போனது. பரிசு வாங்க வந்தவர்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். செகரெட்டரி மட்டும் நின்று கொஞ்சம் யோசித்தார், படித்தவர் அல்லவா. பிறகு மேஜையிலிருந்த பெரிய வெள்ளிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, வழிந்தால் பிடிக்கலாமென்று டேங்குக்கு அடியில் ஏந்தியபடி கூடவே ஓடினார்.