புள்ளி புள்ளியாய் ஒரு வெளிச்சம்

“இன்னுங் கொஞ்சம் பவரைக் கூட்டுங்க அம்மிணி. சட்டுனு முடிஞ்சு போகும்” என்றார் நாச்சிமுத்து.

கூட்டிக் கூட்டித்தான் இரண்டு குழாயைக் கெடுத்திருந்தார். மேசையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

கோவைப் பட்டறைகளில் காலமெல்லாம் டிரில்லிங் மெஷின் ஓட்டிய கை அது. ஓட்டை விழவில்லையா, அழுத்து. அவருக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். செம்பைக் காய்ச்சி ஆவியாக்கி, அந்த ஆவியிலிருந்து பச்சை வெளிச்சம் எடுத்து எஃகைத் துளைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் வயசுள்ள பூங்கோதையிடம் போன மாசம்தான் லேசர் வேலை பழக வந்து சேர்ந்தார்.

இன்றைக்கு அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கண்ணில் பொருத்துகிற, அரிசி நுனி அளவு எஃகுக் குழாய். அதில் மயிரிழையைவிட மெல்லிய துளை போட வேண்டும். கண்ணுக்குள் தேங்கும் நீர் அதன் வழியாக வெளியேறும். கண் அவருடைய பேத்தியுடையது, பச்சைக் குழந்தை. நாளைக்கு ஆபரேஷன். தள்ளிப் போட்டால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

பூங்கோதை வெளிச்சத்தைக் கண் கூசாத அளவுக்குக் குறைத்தாள். கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து அதன் குறுக்கே பிடித்தாள். எதிர்ச் சுவரில் பச்சையாக ஒரு பொட்டு விழுந்தது.

“அது விட்டு விட்டு எரியுதுங்களாண்ணா?”

“எங்கீங்க? அணையாமத்தான் எரியுது.”

அவள் கண்ணாடியை வெடுக்கென்று திருப்பினாள்.

சுவரில் ஒரு கோடு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கோலத்துக்கு வைத்த மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சைப் புள்ளிகள் பளிச்சிட்டு மறைந்தன. நடுவிலெல்லாம் இருட்டு.

“அட சாமி!”

நாச்சிமுத்துவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. “இன்னொருக்கா காட்டுங்க” என்றார். காட்டினாள். வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“விட்டு விட்டுத்தானுங்கண்ணா எரியுது, வேகத்துல கண்ணுக்குத் தெரியறதில்லை. ஒரு புள்ளி படுது, எஃகு ஆவியாகுது. நடுவுல வர்ற இருட்டுலதான் அந்த ஆவி வெளியே போகணுமில்லீங்களா? போறதுக்குள்ள அடுத்ததைப் பலமா அடிச்சா?”

அவர் கெட்டுப்போன குழாய்களைப் பார்த்தார். இரண்டும் வாய் உருகி அடைத்துக் கிடந்தன.

கடைசிக் குழாயை அவரே பொருத்தினார். வெளிச்சம் பாய்ந்தது. அவர் கை பழக்க தோஷத்தில் பவர் குமிழுக்குப் போயிற்று. கையைக் கட்டிக்கொண்டார்.

பத்து நிமிஷம் கழித்து எஃகுக்கு அந்தப் பக்கம் பச்சையாக ஓர் ஊசிமுனை எட்டிப் பார்த்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். நுனியில் ஒரு துளி வந்து நின்றது.

“இந்தப் பத்து நிமிஷத்துல வெளிச்சம் எவ்வளவு நேரமுங்க எரிஞ்சிருக்கும்?”

“எல்லாப் புள்ளியையும் ஒண்ணாக் கூட்டினா, கண்ணை ஒருக்கா மூடித் தொறக்கற நேரம்.”

“அவ்வளவுதானா!”

“அவ்வளவுதானுங்க.”

அவருக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் மெஷினைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தையின் கண்ணில் வெள்ளைக் கட்டு. மடியில் வைத்துக்கொண்டு மகள் அழுதாள்.

“காலைலதான் கட்டைப் பிரிப்பாங்களாம். அதுவரைக்கும் எம்புள்ளைக்கு ஒரே இருட்டாப்பா? லேசா ஒதுக்கிப் பார்த்துரட்டா?”

அவள் விரல் கட்டுக்குப் போயிற்று. நாச்சிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரு சாமி. வேலை இப்பத்தான் நடக்குது.”