வழியை அடைத்த ஆமை

மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி இருந்தது. ஓடைகள் அதில் வந்து விழும். வெளியே போக வழி கிடையாது. வெயில் குடித்தால்தான் தண்ணீர் குறையும். உப்பு மட்டும் தங்கிவிடும்.

கல்லோடன் என்னும் ஆமைதான் அந்த ஏரிக்குக் காவல். கிழக்கு மேட்டில் செங்காலன் என்னும் நண்டு வளை தோண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கல்லோடன் போய், அந்த வளைகளில் சேற்றைத் திணித்து, வயிற்று ஓட்டால் தட்டித் தட்டி அடைத்துவிடும்.

"ஏண்டா, ஏரியையே கவுத்துடலாம்னு பாக்குறியா?"

"மூச்சு விட வைக்கிறேன் அண்ணே! உப்பு வெளிய போகட்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆத்துல போய் விழுற ஓடை ஒண்ணு, மழைக்கு மழை மண்ணை அரிச்சுக்கிட்டு மேல வருது. நீங்க இளவட்டமா இருந்தப்ப இந்த மேட்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு பகல்."

"இப்ப?"

இப்போது வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம்; மேடு அவ்வளவு ஒடுங்கிவிட்டது. "அதனாலதான்டா அடைக்கிறேன்!" என்று சீறியது கல்லோடன்.

அந்த ஆண்டு வெள்ளிச்சி என்னும் கெண்டை மீன் நாணலடியில் முட்டையிட்டது. கல்லோடன் தினமும் போய் விசாரிக்கும். ஒரு காலை, முட்டைகள் வெளுத்துக் கிடந்தன.

"இந்த வருஷமும் போச்சா, தாயி?"

"தண்ணி கரிக்குது அண்ணே. உள்ள துடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு. வயித்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுதான் கடைசி."

கல்லோடன் நேரே மேட்டுக்குப் போனது.

"செங்காலா, திறந்தா ஏரி முழுக்கப் போயிடுமா?"

"அடியில பாறை இருக்கு. என் கொடுக்கு உடைஞ்சதே அதுலதான்! மேல்தண்ணிதான் போகும்."

"பொய்யா இருந்தா?"

"எனக்கும் இந்த ஏரிதானே அண்ணே வீடு!"

தான் அடைத்த சேற்றைக் கல்லோடன் தானே நகத்தால் பறித்தது. கரையில் நின்ற நாரை ஒன்று சிரித்தது: "காவல்காரரே கன்னம் வைக்கிறாரே!" கல்லோடன் அடுத்த வளைக்கு நகர்ந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. ஏரி ததும்பி, திறந்த வளைகள் வழியே பாய்ந்தது. அந்தப் பக்கத்து ஓடை மிச்ச மண்ணையும் கரைத்தது. மேடு சரிந்தது. ஏரி இரைச்சலோடு ஆற்றில் இறங்கியது. நாணலடியில் ஊன்றி நின்ற கல்லோடனின் வயிற்றடியில் வெள்ளிச்சி ஒண்டிக்கொண்டது.

பாறை தெரிந்ததும் நீர்மட்டம் இறங்குவது நின்றது. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. ஓடைகள் புதுநீர் கொண்டுவந்தன. பழைய உப்பை ஆறு வாங்கிக்கொண்டது. மழை ஓய்வதற்குள் நாணலடியில் கரிப்பு குறைந்தது. வெள்ளிச்சி மிச்ச முட்டைகளை அங்கே இட்டது.

சில நாளில் நூல் நூலாகக் குஞ்சுகள் கல்லோடனின் காலிடுக்கில் புகுந்து ஓடின. கூசியது. ஆனாலும் அது காலை அசைக்கவே இல்லை.

காவல் என்று சொல்லி வழியை அடைப்பவர்கள், தாங்கள் காப்பவர்களைத்தான் முதலில் வாட்டுகிறார்கள்.