தூணில் தொற்றிய செடி

குற்றாலத்துக்கு மேற்கே, அருவிச் சாரல் கூடத்துக்குள்ளேயே வந்து விழும் சின்ன மடம். அங்கே மாலைப் பதிகம் வாசிப்பவர் ஆவுடையப்பன். பதினோரு வருஷமாக அவர்தான்.

ஒரு ஆனி மாதம் மாடக்கண்ணு என்று ஒருவர் சீடராக வந்து சேர்ந்தார். லாரி ஓட்டியவர். வரும்போது புனலூர்ப் பக்கமிருந்து ஒரு செடி கொண்டுவந்தார். ஆந்தூரியத்தில் ஒரு வகை. பூவுக்காக இல்லை, இலைக்காக வீட்டுக்குள் வளர்ப்பது. மண்ணே வேண்டாம் என்று சொல்லி, கூடத்துத் தேக்குமரத் தூணில் தேங்காய் நாரால் கட்டிவைத்தார். இரண்டு சாரல் காலம் போனதும் இலை ஒவ்வொன்றும் முறம் அகலம் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் மடத்துத் தலைவரான சாமி, "இன்னைக்கு மாடக்கண்ணு வாசிக்கட்டும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வாசிப்பா அது? கொண்டை ஊசி வளைவுல ஹாரன் அடிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றார், கிணற்றடியில் எல்லாருக்கும் கேட்கும்படி.

"எதுக்க வண்டி வந்தா அடிச்சுத்தானே அண்ணாச்சி ஆகணும்" என்று மாடக்கண்ணு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவரை இன்னும் எரித்தது. ஆவுடையப்பன் நேரே சாமியிடம் போனார்.

"சாமி, அந்தச் செடி புல்லுருவி. தூணை உறிஞ்சித்தான் தடிக்குது. விட்டா தூணே உளுத்துப்போகும்."

"செடியையா சொல்லுத?"

"செடியைத்தான் சாமி."

"கழத்திப் பாரு."

நாரை அறுத்தார். வேர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். ஆசையோடுதான் பிய்த்தார். செடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அது இருந்த இடத்தை நகத்தால் கீறினார். குனிந்து மோந்து பார்த்தார். தேக்கு தேக்காகவே இருந்தது.

"எவ்வளவு தின்னிருக்கு?"

"ஒண்ணும்... தின்னல சாமி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்." அப்புறம் தாங்கவில்லை. "அப்ப என் வாசிப்பு எங்க போச்சு சாமி?"

சாமி விளக்குக்குத் திரி திரிக்க ஆரம்பித்தார்.

விளக்கு வைக்கிற நேரம். மாடக்கண்ணு பதிகப் புத்தகத்தோடு வந்தார். பிய்ந்து தொங்கும் வேர்களைப் பார்த்தார். ஆவுடையப்பன் முகத்தையும் பார்த்தார். புத்தகத்தை அவரிடம் நீட்டினார்.

"அண்ணாச்சியே வாசிக்கட்டும் சாமி."

வாங்க ஆவுடையப்பனுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் செடி.

"இதை எங்க வைக்க சாமி?"

"இருந்த இடத்துல."

"நாரை அறுத்துட்டேனே."

"அது தூணைப் பிடிக்கிற வரைக்கும் நீ அதைப் பிடிச்சுக்கோ."