நிற்காமல் ஓடிய மூன்று நாள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் வடிவு. புயல் அடித்த மறு வருஷம், ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அவள் ஊரில் துறவிகள் தங்கித் தியானம் செய்யும் குடில் ஒன்று உண்டு; புயல் சமயம் அங்கே ஊர் ஜனத்துக்குச் சமைத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. அவள் சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன்.

*

"இந்த ஜெனரேட்டர் என்னைத் தியானத்துல உட்கார விடமாட்டேங்குது அம்மா," என்றார் வைரக்கண்ணு.

"என்ன செய்யுது?"

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுது. பெட்ரோல் ஊத்தணும்."

"கூப்பிட்டா போங்க," என்றார் சுந்தரியம்மா.

சுந்தரியம்மாதான் அந்தக் குடிலின் குரு. வைரக்கண்ணுவைவிட எட்டு வயது சின்னவர்.

வைரக்கண்ணு போர்வெல் மெக்கானிக்காக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி, இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போகவே இல்லை.

புயலில் கரண்டுக் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. குடிலில் நூறு பேர் தங்கியிருந்தார்கள். கிணற்று மோட்டாரும், நோயாளி அறையின் விசிறியும், யாரோ புண்ணியவான் கொடுத்த அந்தச் சின்ன ஜெனரேட்டரில்தான் ஓடின. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அம்மா வைரக்கண்ணுவிடம் கொடுத்திருந்தார்.

ஜெனரேட்டர் நின்ற கீற்றுக் கொட்டகைக்கு நேர் எதிரே நோயாளி அறையின் ஜன்னல்.

உள்ளே படுத்திருந்தவள் அஞ்சம்மாள். வைரக்கண்ணுவின் மனைவி.

சுவர் விழுந்து நெஞ்சில் அடிபட்டவளை ஊர்க்காரர்கள் கட்டிலோடு தூக்கி வந்து போட்டிருந்தார்கள். ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி முடித்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வழி. ஜெனரேட்டர் ஓடும்போது அவள் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் கேட்காது. பெட்ரோல் ஊற்ற நிறுத்துகிற அந்தப் பத்து நிமிஷம்தான் அவள் குரல் வெளியே வரும்.

"இன்னொண்ணும் இருக்கு அம்மா."

"சொல்லுங்க."

"நிறுத்தினதும் ஜன்னல்லேருந்து கேக்குறா. சாப்பிட்டீங்களான்னு."

"நீங்க?"

"பேசலை. சூடு ஆறினாத்தான் பெட்ரோல் ஊத்தணும். அதுவரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறேன்."

"எத்தனை தடவை கேட்டாங்க?"

"நேத்து மட்டும் நாலு தடவை. விட்டுட்டு வந்ததை மறுபடியும் தொடலாமா அம்மா? நீங்கதான் சொல்லணும்."

"கேட்டது அவங்க. பதிலை எங்கிட்ட கேக்குறீங்க."

வைரக்கண்ணுவுக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்றும் இருந்தது.

*

அன்றைக்கே ஒரு வேலை செய்தார்.

ஜெனரேட்டர் டேங்கின் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்து, அதில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகினார். மறுமுனையை ஒரு பெரிய கேனில் விட்டார். கேனில் காற்றுக்கு ஒரு துளை. உள்ளே குறையக் குறைய, ஜெனரேட்டர் வெளியிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். இனி நிறுத்த வேண்டியதில்லை.

கேனைக் கொட்டகைக்குப் பின்னால், தோப்புப் பக்கம் வைத்தார். அதில் ஊற்றப் போகிறவர் ஜன்னல் பக்கம் வரவே வேண்டாம்.

வடிவு தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள்.

"என்ன சாமி, ஜெனரேட்டருக்குக் குளுக்கோஸ் ஏத்துறீங்களா?"

"இனிமே இது நிக்காது. ராப்பகலா ஓடும்."

"ஓடட்டும். எங்க காதை எங்கே கழட்டி வைக்கிறதாம்?"

வைரக்கண்ணு சிரிக்கவில்லை.

அம்மா வந்தார்.

"நிக்காம ஓடுறது நல்லதுதானே அம்மா?"

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். தண்ணி நிக்காது. விசிறி நிக்காது."

அம்மா கேனைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். நோயாளி அறைக்குள் போய், அஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

*

மூன்று நாள் ஓடியது.

வைரக்கண்ணு தோப்புப் பக்கமாகவே வந்தார், கேனில் ஊற்றினார், தோப்புப் பக்கமாகவே போனார். தியானத்தில் உட்கார்ந்தால் அந்த ஒரே சத்தம்தான். அதில் மற்றதெல்லாம் அமுங்கிப்போயிற்று. மனசு அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனரேட்டர் நின்றது.

அவர் எழுந்து ஓடினார். கேனில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. குழாய் சரியாக இருந்தது. மூடியில் காற்றுப் புகவில்லை. சுற்றி வந்து கொட்டகைக்குள் பார்த்தார்.

சுவிட்சு அணைத்திருந்தது.

எந்தப் பிள்ளை விளையாடிச்சோ என்று முணுமுணுத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

நிம்மதியாக நிமிர்ந்தார். அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அம்மா வந்து மறுபடியும் சுவிட்சை அணைத்தார்.

"ஏம்மா? பெட்ரோல் இருக்கே."

"முதல்லயும் நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"அவங்க என்னமோ சொன்னாங்க. குனிஞ்சு காதை வச்சுப் பார்த்தேன். கேக்கலை. வாய் மட்டும் அசைஞ்சுது. நிறுத்திட்டு வந்து கேக்கலாம்னு எழுந்து வந்தேன்."

வைரக்கண்ணு ஜன்னலைப் பார்த்தார். அவள் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார்.

"என்ன சொன்னா?"

"திரும்பிப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு ஐயா."

கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

"நீங்க அன்னைக்கே என்னைத் தடுத்திருக்கலாம் அம்மா."

"தடுத்திருக்கலாம்," என்றார் சுந்தரியம்மா. "உங்களுக்குத் தானாத் தெரியணும்னு காத்திருந்தேன். அவங்களுக்கு அவ்வளவு நாள் இல்லைங்கிறதை நான் நினைக்கலை."

*

வடிவு சொன்னது இவ்வளவுதான். வைரக்கண்ணு இன்னும் அந்தக் குடிலில்தான் இருக்கிறாராம்.

இன்றைக்குச் சாமி கும்பிடும்போது அவர் பெயரையும் அஞ்சம்மாள் பெயரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லுங்கள்.