அரைக்காலில் சறுக்கிய இளவரசன்

தேன்மலை நாட்டு மன்னர் மாறவேந்தருக்கு எல்லாம் சட்டென்று நடந்தாக வேண்டும். மழைகூட அவர் நினைத்த வேளையில் பெய்தால்தான் நல்ல மழை. அப்படிப்பட்டவரின் மகன் பத்து நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அரைக்கால் என்றால் எவ்வளவு?"

"அரையும் காலும் சேர்ந்தால் முக்கால்!" என்பான் எட்டு வயது இளவரசன். எத்தனை முறை திருத்தினாலும் அதே முக்கால்தான்.

அமைச்சர் வில்லவராயர் இதற்காகவே காத்திருந்தார். ஆசிரியர் பதவியில் தம் மைத்துனரை உட்கார வைக்க அவருக்கு ஆசை. "பிள்ளை மேல் குற்றமில்லை, அரசே. ஆதனாருக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை" என்றார்.

ஆசிரியர் ஆதனார் கையைப் பிசைந்தார். "எல்லாப் பிள்ளைகளும் இந்த இடத்தில் சறுக்குவார்கள், அரசே..."

"நான் சறுக்கவில்லையே!" அரசர் சீறினார். "அரைக்கால் நாழிகை தருகிறேன். அதற்குள் யாராவது இவனுக்குப் புரியவைக்கட்டும். இல்லையென்றால் நீர் இன்றே ஊரைவிட்டுப் போகலாம்."

அரைக்கால் நாழிகை என்பது நம் கணக்கில் மூன்றே நிமிடம்.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன விகடகவி சேந்தன் எழுந்தான். "நான் பார்க்கிறேன், அரசே. முதலில் ஒரு பலாப்பழம் வரட்டும்."

பழம் வந்தது. கைக்குத் தடவ எண்ணெய் வந்தது. சேந்தன் ஆற அமரப் பிசின் துடைத்து, பதினாறு சுளைகளை எண்ணி இலையில் வைத்தான். வில்லவராயர் நேரம் காட்டும் நாழிகை வட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இளவரசே, இதில் கால் பங்கு வேண்டுமா, அரைக்கால் பங்கு வேண்டுமா?"

"அரைக்கால்!"

சேந்தன் இரண்டே சுளைகளை நீட்டினான்.

"ஏமாற்றுகிறாய்! கால் பங்கு என்றாலே நாலு சுளை வருமே. இது அதில் பாதிதான்!"

"எதில் பாதி?"

"காலில் பாதி..." இளவரசன் நிறுத்தினான். "ஓ! காலில் அரைதான் அரைக்காலா?"

ஆதனார் மூச்சு விடுவதற்குள் வில்லவராயர் துள்ளி எழுந்தார். "நேரம் தாண்டிவிட்டது! அரை நாழிகைக்கு மேலேயே ஆகிவிட்டது!"

அரசர் முகம் கறுத்தது. "சேந்தா, நான் கொடுத்தது எவ்வளவு?"

"அரை, கால் என்று காதில் விழுந்தது, அரசே. கூட்டினேன். முக்கால் நாழிகை வந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட இருக்கிறது."

"மடையா! நான் சொன்னது அரைக்கால். நடுவில் ஒரு 'க்' இருக்கிறது!"

"அது எனக்குக் கேட்கவில்லையே, அரசே. கேட்டவனுக்குப் புரியாவிட்டால் சொன்னவர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது தங்கள் தீர்ப்பு." சேந்தன் பணிவாகக் குனிந்தான். "இப்போது போக வேண்டியவர் யார்?"

அரசர் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆதனார் இங்கேயே இருக்கட்டும். எனக்கும் ஊரைவிட்டுப் போக மனமில்லை!"