கழட்டிய ஒயர்

“யோவ் மரியசூசை, நம்ம ரயில் ஏன்யா ஓடல? இப்ப ஓடலேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே!”

எலெக்ட்ரீஷியன் காதில் சீறினார் முதலாளி தணிகைவேலன். கண்காட்சி மேசையில் அரசாங்கத்தின் அதிவேக ரயில் பொம்மை மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் தணிகைவேலன் கம்பெனியின் பொம்மை அசையவே இல்லை. நிஜ ரயிலை அரசாங்கமே ஓட்டுவதா, தனியாரிடம் விடுவதா என்று முடிவு செய்ய வந்த அரசுச் செயலாளர் அம்மா எதிரே நின்றார்.

மரியசூசை சத்தமாகவே சொன்னார்: “நீங்கதானே சார் மைக்ல பேசினீங்க, அரசாங்க உதவி துளிகூட வேணாம், நம்ம ரயில் தானா ஓடும்னு? அதான் அரசாங்க பிளக்குல மாட்டியிருந்த நம்ம ஒயரைக் கழட்டிட்டேன்.”

அம்மா குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். “ரெண்டுக்கும் ஒரே பிளக்கா?”

“ஆமாம்மா. அவங்க அரசாங்க கரண்டுன்னு சொல்லிட்டு ஓட்டுறாங்க, நாங்க சொல்லாம ஓட்டுறோம்.”

கூட்டமே சிரித்தது. அம்மாவும்தான். “எவ்வளவு மானியம் வேணும்னு எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க தணிகைவேலன், அப்புறம் ஒப்பிடலாம். ரயிலை இந்த எலெக்ட்ரீஷியனே ஓட்டிக் காட்டட்டும்.”

அம்மா நகர்ந்ததும் முதலாளி பல்லைக் கடித்தார். “ஒயரை மாட்டித் தொலை. மேசைத்துணியை இழுத்து மூடு, எவன் கண்ணுலயும் படக்கூடாது.”

மரியசூசை ஒயரை மாட்டினார். ரயில் ஜோராக ஓடியது. துணியை மட்டும் அவர் தொடவே இல்லை.